"மேனேஜர்கிட்ட பேசிக் குறைச்சுத் தர்றேன்" என்பவர் யாருடைய ஆள்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டுக்கு 2022 ஜூனில் கடைசியாகப் பணம் கட்டினேன். அப்போது பாக்கி 1,40,000 ரூபாய். வட்டியோடு இப்போது 4,10,000 என்கிறார்கள். கோர்ட் நோட்டீஸ் எதுவும் வரவில்லை. 'கடன் தீர்வு ஆலோசகர்' என்று ஒருவர் சில வாரமாகப் பேசுகிறார். "அக்கா, உங்களுக்காக மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி 90,000-க்கு முடிச்சிருக்கேன், இன்னிக்குத்தான் கடைசி" என்கிறார். டோக்கனாக 10,000 ஜிபேயில் போட்டு, அவர் அனுப்பிய கடிதத்தில் கையெழுத்திட்டு, மீதிக்கு ஒரு செக் தர வேண்டுமாம். முன்பு வந்தவர்களைப்போல மிரட்டுவதில்லை. நம்பலாமா?

பதில்: வேண்டாம். பணமும் போடாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

அவர் பெரும்பாலும் வங்கி அமர்த்திய வசூல் ஏஜென்சியின் ஆளாகத்தான் இருப்பார். உங்களிடமிருந்து வசூலாகும் தொகையில்தான் அவர்களுக்குக் கமிஷன். குறைத்து முடிப்பது வங்கியின் சொந்த விதிப்படி நடப்பது. அவர் மல்லுக்கட்டி வாங்கித் தந்த சலுகை அல்ல. 'இன்றே கடைசி' என்பது பெரும்பாலும் அவருடைய மாதக் கடைசி டார்கெட். அடுத்த மாதமும் இதே பேச்சு வரும்.

நீங்கள் அனுப்பியிருக்கும் கடித நகலில் உள்ள வரியைப் பாருங்கள்: "மேற்படி கணக்கில் ரூ.4,10,000 பாக்கி உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். ரூ.90,000-க்கு முடித்துத் தர வேண்டுகிறேன். தவறினால் முழுத் தொகையையும் செலுத்துகிறேன்." கார்டு பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. 2022 ஜூனுக்குப் பிறகு நீங்கள் எதுவும் கட்டாமலும், எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும் இருந்தால், அந்தக் கெடு 2025-லேயே முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். கெடுவுக்குள் கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதல், காலவரையறைச் சட்டம் 18-வது பிரிவின்படி 3 ஆண்டைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். கெடு முடிந்த பிறகும், 'கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3) அதைச் செல்லுபடியாக்குகிறது. அதாவது, கோர்ட்டில் வசூலிக்க முடியாமல் போன கடனை உங்கள் கையாலேயே உயிர்ப்பித்துக் கொடுப்பீர்கள். அதுவும் 90,000-க்கு அல்ல, 4,10,000-க்கு. வாட்ஸ்அப்பில்கூட 'கட்டிடறேன் சார்' என்று எழுதாதீர்கள். அதையும் ஒப்புதல் என்று வாதிடுவார்கள்.

கெடு முடிந்தால் கடனே இல்லை என்று அர்த்தமல்ல. வழக்குப் போடும் உரிமைதான் போகிறது. சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றில், பதிவு இருக்கும், போன் வரும். உங்கள் பழைய முகவரிக்கு ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) நோட்டீஸோ சம்மனோ போயிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரிலும் தேடுங்கள். ஏற்கெனவே வழக்கு இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

செக் இன்னும் ஆபத்து. கடன் கட்டாதது வெறும் சிவில் விவகாரம். அதற்காக யாரும் கைது செய்ய முடியாது. ஆனால் செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு: 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். சிவில் பாக்கியை கிரிமினல் வழக்காக மாற்றும் காகிதத்தை நீங்களே ஏன் தர வேண்டும்?

டோக்கன் தொகை தனிநபர் ஜிபேக்குப் போனால் உங்கள் கார்டு கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எல்லாம் தெரிந்தும் கடனை முடித்துவிட நினைத்தால் அதுவும் நியாயமே. ஆனால் வங்கியோடு நேரடியாகப் பேசுங்கள். கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். வங்கியின் சொந்த மெயிலிலிருந்து செட்டில்மென்ட் கடிதம் வர வேண்டும். கார்டின் கடைசி நான்கு இலக்கம், தொகை, கெடு தேதி, 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வாசகம் நான்கும் அதில் இருக்கட்டும். மொத்தப் பணமும் கையில் இருக்கும்போது மட்டும் ஒப்புக்கொண்டு, ஒரே தவணையில் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். தவணை வைத்து ஒன்று தவறினாலும் சலுகை ரத்தாகி, கட்டியது வட்டிக்குப் போகும். பிறகு பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். குறைத்துக் கட்டினால் சிபிலில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றே வரும். புதுக் கடன் கேட்கும்போது அது இடறும். இதை அந்த 'ஆலோசகர்' உங்களிடம் சொன்னாரா?

காலை 8 மணிக்கு முன்போ இரவு 7-க்குப் பிறகோ வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவு. வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையும் வங்கி தந்த அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். மீறினால் தேதி, நேரம், எண்ணோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஆனால் அந்தப் புகாரிலும் பாக்கித் தொகையை ஒப்புக்கொள்ளும் வரி வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாகப் புகார் செய்யலாம். 14448-ல் வழி சொல்வார்கள்.

வக்கீல் கட்டணத்துக்காகத் தயங்காதீர்கள். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100-ஐ அழையுங்கள், அல்லது திருப்பூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தையும், பழைய கார்டு ஸ்டேட்மென்ட்களையும், அவர் அனுப்பிய மெசேஜ்களையும் எடுத்துச் செல்லுங்கள்.