கேட்பது எளிது, பதில் புரிய வேண்டுமே! – ஜெர்மன் கற்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மியூனிக்கில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். நானும் கணவரும் விசிட்டர் விசாவில் மூன்று மாதம் போகிறோம். கிளம்ப ஆறு வாரம்தான் இருக்கிறது. எனக்கு வயது 61. ஜெர்மன் கிளாஸில் சேர்வதா, வீட்டுக்கு வரும் ட்யூட்டரா, அல்லது மகள் சொல்வதுபோல் போனில் மொழிபெயர்ப்பு ஆப் போதுமா?
– வாசகி, அல்சூர்

பதில்: விசிட்டர் விசாவுக்கு மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால் கிளாஸை மறந்துவிடுங்கள். பெங்களூரு இந்திராநகரில் உள்ள மாக்ஸ் முல்லர் பவன் (ஜெர்மனியின் கதே இன்ஸ்டிட்யூட்டுக்கு இந்தியாவில் அதுதான் பெயர்) நல்ல இடம்தான். ஆனால் ஆரம்ப நிலையான ஏ1-ஐ முடிக்கவே 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை ஆகும் என்பது கதே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 42.

அந்த 42-ஐக் காதுக்குச் செலவழியுங்கள். அல்சூர் மார்க்கெட்டில் கன்னடத்தில் 'எஷ்டு' (எவ்வளவு) என்று கேட்க ஒரே நாளில் கற்றிருப்பீர்கள். கடைக்காரர் 'நலவத்தைது' (45) என்றதும்தான் முழி பிதுங்கியிருக்கும். ஜெர்மனிலும் அதே பாடுதான், ஒரு படி மேலே. அங்கே 45 என்பது 'ஐந்தும் நாற்பதும்': ஃப்யுன்ஃப்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 54 ஆகிவிடும். நேரம் இன்னும் மோசம். 'ஹால்ப் ட்ரை' என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை எட்ட இன்னும் அரை மணி என்று கணக்கு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை இப்படித்தான் ஒரு மணி நேரம் தவறவிடுவார்கள்.

ஆகவே ட்யூட்டர்தான் சரி. வாரம் இரண்டு, மொத்தம் 12 வகுப்பு. இலக்கணப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் எல்லாம் தப்பாக வந்தாலும் ரொட்டி கிடைக்கும். முதல் இரண்டு வாரம் எண், விலை, நேரம் மட்டும். மூன்றாவது வாரம் கடை, நான்காவது ரயில், ஐந்தாவது மருந்துக்கடையும் பக்கத்து வீடும். கடைசி வாரம் எல்லாவற்றையும் கலந்து, ட்யூட்டர் போனில் பேசட்டும். உதட்டைப் பார்க்காமல் கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும். கணவரையும் கூடவே உட்கார வையுங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர்.

கடைகளில் வரும் கேள்விகள் சிலவே. பேக்கரியில் 'ஸோன்ஸ்ட் நோஹ் எட்வாஸ்?' (வேறு ஏதாவது?), பணம் கட்டும் இடத்தில் 'பார் ஓடர் மிட் கார்ட்டெ?' (ரொக்கமா, கார்டா?), ஓட்டலில் 'ட்சுஸாமென் ஓடர் கெட்ரென்ட்?' (பில் சேர்த்தா, தனித்தனியா?). இதில் ஒரு பொறி உண்டு. யாராவது காபி வேண்டுமா என்று கேட்கும்போது வெறுமனே 'டாங்கெ' என்றால் வேண்டாம் என்று பொருள், காபி வராது. வேண்டுமென்றால் 'யா, கெர்னெ'.

மியூனிக்கில் வணக்கத்துக்கு 'க்ரூஸ் கொட்'. நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பழக்கம்தான்: தெரியாதவர் எல்லோரும் 'ஸீ', வீட்டு மனிதர்கள் 'டூ'.

மொழிபெயர்ப்பு ஆப்பும் வேண்டும். ஜெர்மன் மொழிக் கோப்பை இங்கேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். மெனு, மருந்து அட்டை, வாஷிங் மெஷின் பட்டன் இவற்றுக்கு அதன் கேமரா அருமை. ஸ்டேஷன் ஒலிபெருக்கிக்கு அது உதவாது. அதற்குச் சில சொற்கள் மனப்பாடமாக வேண்டும்: 'கிளைஸ்' பிளாட்ஃபார்ம், 'ஃபெர்ஷ்பேட்டுங்' தாமதம், 'ஃபெல்ட் அவுஸ்' ரத்து.

கேள்வி: ஆப்பில் 200 நாள் விடாமல் படித்துவிட்டேன். அலுவலகத்து ஜெர்மன்காரர் இரண்டு வாக்கியம் பேசினால் ஒன்றும் புரியவில்லை. அடுத்த மாதம் இரண்டு வாரம் பெர்லின் போகிறேன். ஆப்பை மாற்றவா?
– வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: ஆப்பை மாற்றிப் பயனில்லை, பயிற்சி செய்யும் விதத்தை மாற்றுங்கள். திரையில் இருக்கும் சொற்களைப் பொறுக்கி அடுக்கும்போது பாதி விடை கண் முன்னாலேயே இருக்கிறது. பேச்சில் அது இல்லை.

ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் 'நிகோஸ் வெக்' இலவசமான வீடியோ பாடம், ஏ1-இலிருந்து இருக்கிறது. ஒரு துண்டை எழுத்தில்லாமல் இரண்டு முறை கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொல்லுக்கு மட்டும் மறுபடி கேளுங்கள். ஒரு நிமிட வீடியோவுக்கு இருபது நிமிடம் பிடிக்கும், பிடிக்கட்டும். அதே நிறுவனம் தரும், மெதுவாக வாசிக்கும் செய்திகளைத் தொடாதீர்கள். 'மெதுவாக' என்ற சொல்லை நம்பி ஆரம்பநிலைக்காரர்கள் அதில்தான் மனம் உடைவார்கள்; வேகம்தான் குறைவு, மொழி மேல்நிலை.

குறிப்புகளைத் தமிழில் எழுதும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். 'பாக்கென்' என்று எழுதினால் ரொட்டி சுடுவதா, பெட்டி கட்டுவதா? நம் 'ப' இரண்டு ஒலிக்கும் பொது. 'யூ' போலத் தோன்றும் ü ஒலியும் நம் எழுத்தில் இல்லை: நாக்கு 'ஈ' சொல்ல வேண்டும், உதடு 'ஊ'வுக்குக் குவிய வேண்டும். (இந்தப் பக்கத்தில் இருப்பவையும் ஏறக்குறைய ஒலிகளே.)

உங்களுக்கு ஒரு சாதகம்: வாக்கியம் முடியும்வரை வினைக்காகக் காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. 'டெர் ட்சூக் ஃபெல்ட் ஹாய்டெ லைடர் அவுஸ்' என்பதில் ரயில் ரத்து என்று காட்டிக்கொடுப்பது கடைசியில் வரும் 'அவுஸ்'. முதல் சொல்லைப் பிடித்துத் தொங்காமல் கடைசிச் சொல்லுக்குக் காதைத் தீட்டுங்கள்.

கேள்வி: கணவருடன் சேர ஏ1 தேர்வு எழுத வேண்டும் என்கிறார்கள். நானே படித்து எழுத முடியுமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: முதலில் கணவருக்கு ஜெர்மனி தந்திருக்கும் குடியிருப்பு அனுமதி எந்த வகை என்று பாருங்கள். ப்ளூ கார்டு (உயர்தகுதி வேலைக்காரர்களுக்கான அனுமதி) என்றால் மனைவிக்கு மொழிச் சான்று தேவையில்லை. தேவையென்றால், எழுத்துப் பகுதிகளைத் தனியாகப் படித்தே தாண்டலாம். கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20. பேசுதல் குழுவாகச் சுமார் 15 நிமிடம். நூற்றுக்கு 60 வேண்டும். பேச்சுக்கு மட்டும் நான்கைந்து வகுப்பாவது ஆளோடு பழகுங்கள். மெட்ரோ பர்ப்பிள் லைன் இருப்பதால் இந்திராநகர் வகுப்புக்குப் போவதும் இப்போது பெரிய பாடில்லை.

பலர் தடுக்கி விழுவது பெயரை எழுத்துக் கூட்டும் இடத்தில். ஆங்கிலத்தில் 'ஈ' என்று சொல்லும் E, ஜெர்மன் காதுக்கு I எழுத்து. ஆங்கிலத்தில் 'ஏ' என்று சொல்லும் A, அவர்களுக்கு E எழுத்து. மீனா ஆங்கிலப் பழக்கத்தில் கூட்டினால் அங்கே வேறொருத்தி பதிவாவாள். உங்கள் பெயர், கணவர் பெயர், தெருப் பெயர் மூன்றையும் ஜெர்மன் எழுத்தொலியில் தினமும் சொல்லிப் பாருங்கள். போன் நம்பரையும் சேர்த்து.

கேள்வி: சைவம் என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: 'வெகெடாரிஷ்' என்றால் அங்கே முட்டை உண்டு. உங்களுக்கு முட்டையும் ஆகாதென்றால் முழுதாகச் சொல்லுங்கள்: 'இஷ் எஸ்ஸெ கைன் ஃப்ளைஷ், கைனென் ஃபிஷ், கைனெ ஐயர்' (இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன்). ஆம், முட்டைகளுக்கு அங்கே 'ஐயர்' என்றுதான் ஒலிப்பு; மறக்கவே மாட்டீர்கள். வறுத்த உருளைக்கிழங்கு வாங்குமுன் 'ஓனெ ஷ்பெக்?' (ஷ்பெக் இல்லாததா?) என்று கேளுங்கள். ஷ்பெக் என்பது பன்றிக் கொழுப்புத் துண்டு. உருளைக்கிழங்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.