வரி, மொய், ஜாமீன்: பெரிய ஆளாவது பற்றிய கேள்வி பதில்

செல்லூரிலிருந்து: அண்ணே, போன மாதம் 18 முடிந்தது. வீட்டில் இன்னும் சின்னப் பையன்தான் என்கிறார்கள். உண்மையில் என்ன மாறியிருக்கிறது?

சட்டத்துக்கு ஒரு தேதி, ஊருக்கு ஒரு தேதி தம்பி. வீடு சொல்வதை விடுங்கள். சட்டப்படி மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது; இனி நீங்கள் போடும் கையெழுத்து உங்களைக் கட்டும். மைனர் வங்கிக் கணக்கு இருந்தால் புதுப் போட்டோ, மாதிரிக் கையெழுத்து, ஆதார் கொடுத்து மாற்றுங்கள். இல்லையென்றால் பணம் எடுக்கப் போகிற அன்றுதான் கணக்கு நிற்பது தெரியவரும். மைனராக எடுத்த பான் அட்டையில் போட்டோவோ கையெழுத்தோ இருக்காது, அதையும் திருத்துங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6.

மேலூர் பக்கமிருந்து: வயது 27, வேலை கோயம்புத்தூரில், கல்யாணமாகவில்லை. திருவிழாவுக்கு நான் தலைக்கட்டு வரி தர வேண்டுமா?

பல ஊர்களில் கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு, அதாவது ஊர் வரிக்கு ஒரு குடும்பக் கணக்கு. சில ஊர்களில் தனி உலை வைத்தால்தான் தனி வரி. வரி பிரிப்பவரிடமே கேட்டுவிடுங்கள். அதுவரை அப்பா பெயரில் விழும் வரியை நீங்கள் கட்டலாம். ரசீது அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

உசிலம்பட்டியிலிருந்து: தனிக்குடித்தனம் வந்துவிட்டேன். என் கல்யாண மொய் அப்பா நோட்டில் இருக்கிறது. இனி யார் திருப்பிச் செய்வது?

இதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பின்னால் அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோகும். மொய்ப்பணத்தை எடுத்துக்கொண்டவர் தலையில்தான் செய்முறை, அதாவது திருப்பிச் செய்யும் பொறுப்பு; அதுதான் நியாயம். அந்தப் பணத்தில் கல்யாணக் கடன் அடைந்திருந்தால் நோட்டை விரித்து வைத்து ஆள் ஆளாகப் பிரியுங்கள்: உங்கள் நண்பர்கள், வேலையிடத்தார், மாமனார் வழி உங்களுக்கு, பங்காளிகள், அப்பாவின் பழக்கம் அவருக்கு.

உங்களுக்கென்று தனி நோட்டுப் போடுங்கள். ஊர் முதலில், பிறகு தகப்பனார் பெயர், ஆள் பெயர், தொகை, விசேஷம், தேதி. ‘முருகன் 500’ என்று மட்டும் இருந்தால் எந்த ஊர் முருகனைத் தேடுவது? 500 வந்த இடத்தில் 500 வைத்தால் கணக்குத் தீர்ந்தது. உறவு தொடர வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் புது மொய் வையுங்கள். செய்த அன்றே அந்த வரிக்கு நேரே குறித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் மொய்யில் பழக்கத்தில் அப்பா பெயரிலேயே ஏற்றிவிடுவார்கள். மேசையை விட்டு நகருமுன் ரசீதைப் படியுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: நண்பன் 3 லட்சம் கடன் வாங்குகிறான். ‘சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்து’ என்கிறான். மறுத்தால் தப்பாக நினைப்பானே?

சும்மா கையெழுத்து என்று ஒன்று கிடையவே கிடையாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவனைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. நேரே உங்கள் வாசலுக்கே வரலாம். தவணை தவறினால் நாளை நீங்கள் வீட்டுக்கடன் கேட்கும்போது அது தடங்கலாக நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல்: 3 லட்சமும் வட்டியும் சேர்த்து உங்களால் கட்ட முடியுமா? முடியும் என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் தொகை, வட்டி, தவணை நிரப்பாத தாளில் கையெழுத்து வேண்டாம். வெற்றுப் புரோநோட்டும் வெற்றுக் காசோலையும் கொடுப்பது, அவர்களே நிரப்பிக்கொள்ள வழி விடுவது. கையெழுத்திட்ட தாளுக்கு நகல் வாங்குங்கள். முடியாது என்றால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “ஜாமீன் போடமாட்டேன்டா, என்னால் ஆன பத்தாயிரத்தைத் திரும்பக் கேட்காமல் தருகிறேன்.” தரப்போகிற தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கோபம் நீடிக்காது.

அவனியாபுரத்திலிருந்து: அப்பா தவறிவிட்டார். அண்ணன் துபாயில். மகள் நான் போய்க் காகித வேலை பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம் தங்கச்சி. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. அப்பா பெயரும் இனிஷியலும் ஆதாரில், பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று பதியும்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த ஒவ்வொரு அலுவலகத்திலும் நிறுத்துவார்கள். பிறகு இ-சேவை வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கல்யாணமாகிப் போன அக்கா பெயரை விட்டுவிடாதீர்கள். இந்துக் குடும்பமென்றால், அப்பத்தா உயிரோடிருந்தால் அவரும் முதல்நிலை வாரிசு. பலரும் மறப்பது இவரைத்தான். வங்கியில் அண்ணன் நாமினியாக இருந்தாலும் அவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குத் தர வேண்டியவர்தான், அதனால் மட்டும் பணம் அவருடையதாகிவிடாது. இதை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பணம் கைக்கு வருமுன்பே சொல்லிவிடுங்கள்.