அமெரிக்காவில் ஹாலோவீனுக்கு வீட்டு முன்முற்றத்தில் பேய்க் காட்சி அமைக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

கல்லறைக் கற்களிலிருந்து தொடங்குங்கள். சுவருக்கு வெப்பக் காப்பாகப் பதிக்கும் 2 அங்குல நுரைப் பலகை வாங்கி, மேல்பக்கம் வளைவாக அறுத்து, எழுத்துகளைக் கத்தியால் குடையுங்கள். ஸ்ப்ரே பெயின்ட்டை மட்டும் நேராக அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் நுரையை அரித்துவிடும். முதலில் தண்ணீரில் கலக்கும் வகையான லேடெக்ஸ் பெயின்ட், சாம்பல் நிறத்தில் இரண்டு கோட். காய்ந்ததும் கறுப்பு பெயின்ட்டில் நிறையத் தண்ணீர் கலந்து மேலிருந்து வழிய விடுங்கள். எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு தங்கி, பல காலம் மழையில் நனைந்த கல் போல ஆகிவிடும். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான்!

பின்புறம் பிவிசி குழாய் ஒட்டி, தரையில் அடித்த கம்பியில் செருகினால் காற்றுக்கு விழாது. கொஞ்சம் சாய்வாகவே நிற்கட்டும்.

அப்புறம் வெளிச்சம். முற்றம் முழுக்க விளக்குப் போட்டால் பயம் போய்விடும். தரையில் ஒரு நீல எல்இடி, கல்லின் கீழிருந்து மேல்நோக்கி, அது போதும். வெளிப்புறத்துக்கான வயரையே வாங்கி, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கில் செருகுங்கள். நடைபாதையின் குறுக்கே வயர் வேண்டாம். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 இரவு முகமூடி போட்ட குழந்தைகள் மிட்டாய்க்காக இருட்டில் ஓடி வருவார்கள்.