அடைத்த வளைவுகள்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வார்ரம் பெர்சி என்ற இடத்தில் எடுத்ததாக என் மகன் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கூரையில்லாத பழைய தேவாலயம். பக்கச் சுவரில் பெரிய வளைவுகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். முன்பு வாசல்களா அவை?

பதில்: வாசல்கள் இல்லையம்மா. ஒரு காலத்தில் அந்த வளைவுகள் தேவாலயத்தின் உள்ளே இருந்தவை. ஊரில் சனம் பெருகியபோது கூடத்தின் சுவரைத் திறந்து, வளைவுகள் எழுப்பி, பக்கத்தில் ஒரு நீளமான கூடத்தைச் சேர்த்தார்கள். பிறகு ஊர் மெலிந்தது. சேர்த்ததை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வளைவின் கற்கள் விசிறிபோல் சாய்ந்திருக்கும், உள்ளே அடைத்த கற்கள் மட்டும் படுக்கைவசமாக இருக்கும். அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஓர் ஊர் வளர்ந்ததையும் தேய்ந்ததையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சுவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊர் காலியானதற்குப் பலரும் பிளேக்கைத்தான் சொல்வார்கள். அது பாதிக் கதை. கம்பளியில் லாபம் கண்ட நில உடைமையாளர்கள் 1500-ஐ ஒட்டிக் கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றி, நிலத்தை ஆடு மேய்க்க விட்டார்கள். எனக்கு இன்னமும் மனசு ஆறாத இடம் இது. ஆனாலும் தேவாலயம் பிழைத்துக்கொண்டது. பக்கத்துத் திக்ஸன்டேல் கிராமத்தார் 1870-ல் தங்களுக்கென்று தனித் தேவாலயம் வரும்வரை இங்கேதான் வந்தார்கள். வழிபாடு 1949-ல் நின்றது. பத்தே வருடத்தில், 1959-ல், கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்துவிட்டது.