பரோசா ஷிராஸா, கூனவாரா கேபர்னேவா: ஓய்வு பெறும் மேலாளருக்கு எதை வாங்குவது?

அடிலெய்டில் வேலை, மேலாளர் ஓய்வு பெறுகிறார், அவருக்குக் கனமான சிவப்பு ஒயின் பிடிக்கும், கடையில் ஒரே விலைக்கு பரோசா ஷிராஸ் ஒன்றும் கூனவாரா கேபர்னே சாவின்யோன் ஒன்றும் காட்டினார்கள், எது என்று கேட்டிருக்கிறீர்கள். "ரெண்டும் ஒண்ணுதான், லேபிள் அழகா இருக்கறதை எடுங்க" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். இதே ஊரில் பாட்டில் ஷாப்பில், அதாவது மதுக்கடையில், வேலை பார்ப்பவள் நான். அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நீங்கள் இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், நீங்கள் குடிப்பவரும் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் தெரிந்ததைத் தாண்டிப் போங்கள்.

பரோசா, கூனவாரா என்பவை இடங்கள், ஷிராஸ், கேபர்னே சாவின்யோன் (சுருக்கமாகக் கேபர்னே) என்பவை கறுப்புத் திராட்சை வகைகள். இரண்டும் கனம்தான், ஆனால் கனம் வருகிற வழி வேறு. பரோசா அடிலெய்டிலிருந்து ஒரு மணி நேரம், வெயில் அடிக்கிற பள்ளத்தாக்கு. அங்கே ஷிராஸ் நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறும், அதனால் ஆல்கஹால் 14.5, 15 சதவீதம் வரை போகும். வாயில் வைத்தால் ப்ளம், கறுப்புப் பெர்ரி, சாக்லேட், மிளகு, ஓக் பீப்பாயிலிருந்து வரும் வெனிலா வாசனை, எல்லாம் வழவழப்பாக இறங்கும். கூனவாரா தெற்கே விக்டோரியா எல்லைக்குப் பக்கம், காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். கடல் காற்று வருவதால் குளிர்ச்சி, பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு தங்கும். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லியதாகப் படிந்த செம்மண், டெரா ரோஸா என்பார்கள், சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான பட்டை, அவ்வளவுதான் நிலம். 1890ல் ஜான் ரிடக் என்பவர் அங்கே பழத்தோட்டக் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கியதிலிருந்து கொடி வளர்க்கிறார்கள். கேபர்னே பழம் சின்னது, தோல் தடிப்பு. அதனால் டானின், அதாவது தோலிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள், அதிகம், பாக்கை மென்றதுபோல ஈறெல்லாம் துவர்க்கும். அந்தத் துவர்ப்புக்குள்ளேதான் பிளாக்கரன்ட் பழமும் தைல மர இலை வாசனையும் இருக்கும். முதல் வாயிலேயே ஷிராஸ் தன்னை முழுதாகக் கொடுத்துவிடும், கேபர்னேக்குக் காற்றும் நேரமும் சாப்பாடும் வேண்டும். இதை ஒண்ணுதான் என்றால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?

போன வருடம் ஈஸ்டருக்கு என் நாத்தனார் குடும்பம் மெல்போர்னிலிருந்து வந்திருந்தது. அவர் கணவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், ஷிராஸைத் தவிர எதையும் தொடமாட்டார். நான் கூனவாரா கேபர்னே ஒன்றை மேசையில் வைத்ததும் திறந்த கையோடு ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது, நாக்கை இழுக்குது, இதுக்குப் போய் இவ்வளவு விலையா?" என்றார். "அண்ணா, ஒரு மணி நேரம் விடுங்க, கறி வரட்டும்" என்றேன். பாட்டிலைக் காற்றுப் படுவதற்காக டிகான்டரில், அதாவது வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றி வைத்தேன். அன்றைக்கு ஆட்டுத்தொடையை ரோஸ்மேரியும் பூண்டும் மட்டும் போட்டு, மிளகாய் இல்லாமல் ஓவனில் வாட்டியிருந்தேன். கறியின் புரதத்தையும் கொழுப்பையும் டானின் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு நாக்கில் ஏறாது, பழ ருசி முன்னால் வரும். கறியோடு குடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸை மட்டும் இரண்டாவது தடவை நீட்டினார். சாப்பாடு முடிந்ததும் "இப்ப என் ஷிராஸை எடு" என்று கேட்டு வாங்கிச் சீஸோடு உட்கார்ந்துகொண்டார், அதுவும் நியாயம்தான். அவர் கட்சி மாறவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கேபர்னேயை அதற்கு உரிய நேரத்தில் குடித்துப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அதே மேசையில் கார மட்டன் சுக்கா இருந்திருந்தால் இரண்டு பாட்டிலையுமே திறந்திருக்க மாட்டேன். அதிக ஆல்கஹாலும் டானினும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். "நம்ம காரத்துக்கு ஷிராஸ்தான் சரி" என்று நம்மவர்களும் சொல்கிறார்கள், சில கடைக்காரர்களும் நம் முகத்தைப் பார்த்ததும் சொல்கிறார்கள், எனக்கு அது கோபம் வருகிற விஷயம்.

இப்போது ஷிராஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பரோசாவை நான் மட்டமாகப் பேசவில்லை. வேர்ப்பூச்சியான ஃபிலாக்ஸரா ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது வரவே இல்லை. அதனால்தான் 1843ல் நட்ட ஷிராஸ் கொடிகள் பரோசாவில் இன்னும் காய்க்கின்றன. 1980களில் விலை சரிந்தபோது அரசாங்கமே காசு கொடுத்துப் பழைய கொடிகளைப் பிடுங்கச் சொன்னது, அதற்கு மசியாமல் காப்பாற்றியவர்களை நான் கும்பிடுவேன். ஷிராஸ் நாள்பட நிற்காது என்பதும் பொய். 1950ல் பிரான்ஸின் ஒயின் பகுதியான போர்தோவுக்குப் போய்வந்த மாக்ஸ் ஷூபர்ட், பென்ஃபோல்ட்ஸ் என்ற இங்குள்ள நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர், அங்கே பார்த்த மாதிரி பல வருடம் நிற்கிற ஒயின் செய்ய ஆசைப்பட்டார். கேபர்னே இங்கே போதிய அளவு கிடைக்காததால் ஷிராஸில் செய்தார், அதுதான் பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். அது பல பத்தாண்டுகள் தாங்குகிறது. ஆனால் உங்கள் விலைக்கு வருகிற பாட்டில்களில், பத்து வருடம் வைத்தெடுக்க எதை நம்புவாய் என்று கேட்டால் கூனவாரா கேபர்னேதான் என்பேன்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு "பொம்பளை ஒயினைப் பற்றி எழுதுகிறாள்" என்று தனிச்செய்தி அனுப்பப்போகிறவர்களுக்கு: இது என் பிழைப்பு, இதைப் படித்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நம் ஆட்களின் பொங்கல் விழாவில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு விஸ்கி ஊற்றுகிற பெரியவர்களை யாரும் கேட்பதில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் என் கையில் அரை கிளாஸ் ஒயினைப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் என் கணவரிடம் போய் "வீட்ல இதெல்லாம் பழக்கமா?" என்று கேட்டார் ஒருவர். இத்தனை நாள் கழித்தும் அது ஆறவில்லை. யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை, குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள், நல்லது.

சரி, உங்கள் மேலாளர். பிரிவு விருந்திலேயே எல்லோருக்கும் ஊற்றித் திறந்துவிடுவார் என்றால் பரோசா ஷிராஸ், சாப்பாடு இல்லாமலும் இதமாக இருக்கும். வீட்டில் எடுத்துவைத்துப் பேரன் பிறந்தால், வீடு மாறினால் என்று ஒரு நாளுக்காகக் காப்பவர் என்றால் கூனவாரா. அவரைப் பற்றி இது உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருடைய உதவியாளரிடம் கேளுங்கள், லேபிளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கார்க் இல்லை, திருகுமூடி என்று தயங்கவும் வேண்டாம், இங்கே நல்ல ஒயின்களே அப்படித்தான் வருகின்றன. எதை வாங்கினாலும் அன்றைக்கே காரில் விட்டுவிட்டு ஆபீசுக்குள் போய்விடாதீர்கள், அடிலெய்டு வெயிலில் ஒரு மதியம் போதும், ஒயின் வெந்துவிடும். 16 முதல் 18 டிகிரியில் குடிக்கவேண்டியது அது. வெயில் காலமாக இருந்தால் ஊற்றுவதற்கு முன் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி, பாட்டிலோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.