குட்டி சில்லென்று இருந்தால் பால் கொடுக்காதீர்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக் கன்னி இன நாய் தலையீத்தில் ஆறு குட்டி போட்டு இன்றோடு மூன்று நாள். நான்கு குட்டிகள் நன்றாக இருக்கின்றன. இரண்டு மட்டும் ஓரமாகக் கிடந்து கத்துகின்றன, தொட்டால் சில்லென்று இருக்கின்றன, தாயும் அவற்றை மூக்கால் தள்ளிவிடுகிறது. ஆச்சி சொன்னபடி பசும்பாலைப் பஞ்சில் நனைத்து வாயில் பிழிகிறார்களாம், பாதி மூக்கு வழியாக வந்துவிடுகிறதாம். "ஆட்டுப்பால் மாற்றிக் கொடுக்கலாமா சார்?" என்று கேட்கிறார்.

தம்பி, எந்தப் பாலாக இருந்தாலும் இப்போதைக்கு நிறுத்துங்கள். முதலில் குட்டிக்குச் சூடு ஏற வேண்டும்.

பிறந்த நாய்க்குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கத் தெரியாது. நாமும் பெரிய நாயும் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்கிறோம், குட்டிக்கு அந்த வழி இல்லை, தாயின் வயிறும் கூடப்பிறந்த குட்டிகளும்தான் அதற்குக் கம்பளி. பெரிய நாயின் உடம்புச் சூடு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 98 வரைதான். அது 94-க்குக் கீழே போனால் குடல் அசைவது நின்றுவிடும். அப்போது ஊற்றுகிற பால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து புளிக்கும், வயிறு உப்பும், விழுங்கும் சக்தியும் இல்லாததால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளி கட்டும். பசியில் செத்தது என்று நினைத்து என்னிடம் தூக்கிவந்த எத்தனையோ குட்டிகளின் வயிறு நிறையப் பால் இருந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் அக்கறை இல்லாதவர்கள் இல்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்து பால் கொடுத்தவர்கள், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திருநெல்வேலி வெயிலில் குளிரா என்று கேட்பீர்கள். உங்கள் ஊரில் சாரல் நேரத்து ராத்திரியை நினைத்துப் பாருங்கள், பட்டாசலில் டைல்ஸ் தரை, மேலே மின்விசிறி. முதல் வாரத்தில் குட்டி கிடக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். வெறும் தரையில் விடாதீர்கள். அகலமான ஓலைப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ எடுத்து, அடியில் சாக்கு, மேலே பழைய வேட்டி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் விலகிக் கிடந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். சில்லிட்ட குட்டியை அவசரப்பட்டுச் சூடேற்றக் கூடாது, வெந்நீரில் முக்கவே கூடாது, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெதுவாக ஏறட்டும். உங்கள் நெஞ்சோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாலும் நல்லதுதான். அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீரை விரல்நுனியில் தொட்டு ஈறில் தடவலாம், அதுவும் தடவல்தான், ஊற்றல் இல்லை.

தாய் ஒதுக்கிய குட்டி பிழைக்காது என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பல நேரம் குட்டி சில்லிட்டுப் போனதால்தான் தாய் தள்ளிவிடுகிறது, சூடேற்றித் திரும்ப வைத்தால் நக்கிச் சேர்த்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். சூடு வந்து, விரலை வாயில் வைத்தால் இழுத்துச் சப்புகிறதா என்று பாருங்கள். சப்பினால் பெரிய குட்டிகளைக் கால் மணி நேரம் வேறு பெட்டியில் வைத்துவிட்டு, இந்த இரண்டையும் தாயின் பின்னங்கால் பக்கத்துக் காம்பில் பிடித்து வையுங்கள். பால் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று, மூக்கு வழியாகப் பால் வந்தது என்றீர்களே, குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். அதில் பிளவு இருந்தால் இந்த வழி எதுவும் உதவாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

தாய்ப்பால் உண்மையிலேயே போதவில்லை என்றால் கால்நடை மருந்துக் கடையில் நாய்க்குட்டிக்கான பால்பவுடர் கிடைக்கும், அதுதான் சரியானது. நாய்ப்பாலில் பசும்பாலைப் போல இரண்டு பங்குக்கு மேல் புரதமும் கொழுப்பும் உண்டு, ஆட்டுப்பாலும் கிட்டத்தட்டப் பசும்பால் மாதிரிதான், அதனால் வெறுமனே கொடுத்தால் வயிறு போகும், எடை ஏறாது. கடை திறக்கும்வரை சமாளிக்க, காய்ச்சி ஆறவைத்த 250 மில்லி பாலில் இரண்டு முட்டையின் மஞ்சள் கரு மட்டும், ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெய் சேர்த்து அடித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம், ஒரு நாள் இரண்டு நாளைக்கு மட்டும். பஞ்சு வேண்டாம், குட்டிக்கான பால்புட்டி வாங்குங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுத்தபடி தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். 300 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 12 மில்லிக்கு மேல் போகாதீர்கள், தொடக்கத்தில் அதில் பாதி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவிவிடுங்கள், மூன்று வாரம்வரை தாய் நக்கினால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியே வரும்.

ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் ஆறு குட்டிகளையும் எடை போட்டு எழுதுங்கள். நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும், ஏழெட்டு நாள், அதிகம் போனால் பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். கண்ணுக்குக் கொழுகொழுவென்று தெரிகிற குட்டிகூட எடை நின்றிருந்தால் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம்.

தாயையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் அதற்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு தேவைப்படும், சோறும் ரசமும் போதாது, முட்டை, கோழி, முள் எடுத்த சாளை மீன் என்று கொடுங்கள், பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும். மடி கல் மாதிரி இறுகிச் சிவந்து சுட்டாலோ, நாற்றத்தோடு கழிவு வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அதைவிட முக்கியம், ஈன்ற முதல் சில வாரங்களில் திடீரென்று மூச்சிரைத்து, கால் விறைத்து, உடம்பு நடுங்கினால் அது ரத்தத்தில் கால்சியம் இறங்கிய அறிகுறி, சில மணி நேரத்தில் உயிர் போகும், குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே ஊசிக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த ஈத்துக்குச் சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் ஊற்றி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும், பால் இறங்கும்போது ஆபத்து கூடும்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் சூடு, எடை, குப்புறப் படுக்கவைத்து ஊட்டுவது எல்லாம் இதேதான், பிறந்த குட்டி 100 கிராம்தான் இருக்கும் என்பதால் அளவு இன்னும் குறைவு. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மட்டும் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம்.

தம்பி, மூன்று மணி நேரம் சூடு கொடுத்தும் அந்த இரண்டும் சப்பவில்லை என்றால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கிளம்புங்கள். பாட்டிலில் வெந்நீரை மாற்றி நிரப்பிக்கொண்டு, பெட்டியின் மேலே துணி போட்டு மூடி, பஸ்ஸில் ஜன்னல் காற்று படாத இடமாக உட்காருங்கள். தாயையும் கூடவே கூட்டிப்போங்கள், மடியைப் பார்க்காமல் குட்டிக்கு வைத்தியம் சொல்ல முடியாது.