ஆலயத்துக்கு வராமல் பின்வாங்கிய நண்பரைப் பார்க்கப் போதகரையும் அழைத்துச் செல்லலாமா?

முதல் முறை போதகர் வேண்டாம். நீங்கள் தனியாகவே போங்கள். குற்றம் செய்த சகோதரனிடம்கூட முதலில் தனித்துப் பேசும்படிதான் வேதாகமத்தில் மத்தேயு 18:15 சொல்கிறது. சபைக்குத் தெரிவிப்பது அங்கே மூன்றாம் படி. உங்கள் நண்பரோ உங்களுக்கு எந்தக் குற்றமும் செய்யவில்லை.

பாடகர் குழுவில் உங்களோடு பாடியவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்தபின் ஆலயத்துக்கு வருவதில்லை, கேட்டால் பேச்சை மாற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமையும் தையல் ஓடும் ஊர் அது. சில வாரம் தொடர்ந்து வரமுடியாமல் போனவருக்கு, ஆலய வாசலில் "என்ன, ஆளையே காணோம்?" என்று நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சமே பெரிய தடையாகிவிடுகிறது, சபைச் சந்தா பாக்கியும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

விசுவாசமே போய்விட்டது என்று முடிவுகட்டுமுன் இதைச் செய்து பாருங்கள். வேலை நாள் ஒன்றில், ஷிப்டு முடிந்ததும் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து, அவருடைய வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றை மட்டும் விசாரியுங்கள். ஆலயப் பேச்சை அவரே எடுத்தால், பெரும்பாலும் தடை கூச்சம்தான். வேலையில்லாத ஞாயிறன்று அவர் வீட்டுக்கே போய் உடன் அழைத்து வந்து, உங்கள் பக்கத்தில் அமர வையுங்கள்.

அவர் மனம்விட்டுச் சொன்னதை வீட்டு ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் ஜெபிக்கும்படி ஜெபக்குறிப்பாக வைத்துவிடாதீர்கள். எவ்வளவு அன்போடு சொன்னாலும், அது ஊர்ப்பேச்சாகத்தான் அவர் காதுக்குத் திரும்பும். சபையில் யாரோ தம்மை அவமதித்ததாகச் சொன்னால், சபைக்காக வாதாடாமல் முழுவதையும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் போதகரை அழைக்கலாம்.